இனி அணையாது

அந்தக் காப்பியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள் சார், காகிதத்தில் சிந்திவிடப் போகிறது. நான் நிதானமாகவே சொல்கிறேன்.

பிரெய்லா நகரில் இருபத்திரண்டு வருடமாக வீட்டு கேஸ் பாய்லர்களைப் பழுது பார்க்கிறவன் நான். ஸ்மராந்தா ஒன்பது வருடம் என் மனைவியாக இருந்தவள். அதற்காக அவள் வீட்டு பாய்லரை நான் வேறு மாதிரிப் பார்க்கவில்லை.

அவளேதான் போன் செய்தாள். சில நாள் ஒழுங்காக எரிகிறதாம், சில நாள் பாதிக் குளியலில் அணைந்துவிடுகிறதாம். மூன்று பேர் வந்து ஆளுக்கொரு பாகத்தை மாற்றியும் பயனில்லையாம். விட்டு விட்டு வரும் கோளாறுக்கு அவசரம் ஆகாது. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று காலை அவர்கள் சமையலறையில் உட்கார்ந்தேன்.

இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் க்ரிவெட்ஸ் கிளம்பியது, எங்கள் ஊர் வடகிழக்குப் பனிக்காற்று. ஸ்மராந்தா தலைக்குக் குளிக்கப் போனாள். அவளுடைய புதுக் கணவன் ஒக்டாவியன் ஒரு பழைய துண்டைச் சுருட்டி, மேசைக்கடியில் சுவரிலிருந்த காற்றுத் துளையை அடைத்தான்.

"ஈரத் தலையோட வருவா மேஸ்திரி. ஊதக்காத்து பட்டா கழுத்து பிடிச்சுக்கும். தலை காஞ்சதும் எடுத்துடுவேன். அவகிட்ட சொல்லிடாதீங்க, கிழவன்னு கிண்டல் பண்ணுவா."

தலையாட்டினேன். எங்கள் ஊரில் பல்வலியிலிருந்து பக்கவாதம் வரை பழி ஊதக்காற்றின் மேல்தான்.

நான்காவது நிமிடம் பாய்லர் அணைந்தது. துளை அடைபட்டதால் வெளிக்காற்று உள்ளே வரவில்லை. புகைபோக்கியில் க்ரிவெட்ஸ் எதிர்த்து அடிக்க, மணமில்லாத நச்சுப் புகை வீட்டுக்குள் திரும்பியது. அதைக் கண்டுகொண்ட சென்சார் நெருப்பை நிறுத்திவிட்டது. அந்தக் கோளாறுதான் இத்தனை நாள் அவர்கள் உயிரைக் காத்துக்கொண்டிருந்தது.

துண்டை எடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் தலையில் துணி சுற்றியபடி வந்து நின்றாள்.

"உன்னோட இருந்தப்ப ஒவ்வொரு குளிர்காலமும் எனக்குக் கழுத்துவலி. இங்க வந்து ஒரு நாள்கூட இல்ல. என்ன மாயமோ" என்று சிரித்தாள்.

என் வீட்டிலும் அப்படி ஒரு துளை உண்டு சார். அடைக்கச் சொல்லிக் கெஞ்சுவாள். நான் விதிமுறை பேசுவேன். நான் செய்ததுதான் சரி, உங்கள் நிபுணரைக் கேட்டுப் பாருங்கள்.

"இனிமே அணையாதில்ல?" என்றாள்.

"அணையாது" என்றேன்.

மூடியைக் கழற்றி, சென்சார் இனி எதைக் கண்டாலும் வாய் திறக்காதபடி செய்துவிட்டு மூடினேன். ஒக்டாவியன் பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்தான். குடித்துவிட்டுக் கைகுலுக்கி வந்தேன்.

பொறாமை என்று எழுதாதீர்கள். துண்டை வைத்தது அவன். அடுத்த க்ரிவெட்ஸுக்கு எட்டு நாள் இருந்தது. தினமும் வானிலை அறிக்கை கேட்டேன். ஒரு போன் செய்திருக்கலாம்தான். அவளிடம் சொல்வதில்லை என்று அவனிடம் தலையாட்டியிருந்தேனே.

அவன் கை அவள் கழுத்துக்கடியில் இருந்ததென்று இரண்டு தரம் சொல்லிவிட்டீர்கள். தேவையில்லாத விவரம். உங்கள் ஆட்கள் கதவை உடைத்து உள்ளே போனபோது பாய்லர் எரிந்துகொண்டுதானே இருந்தது? அதை எழுதுங்கள் சார். எனக்கு முன்னால் வந்த மூன்று பேராலும் முடியாத வேலை அது.