பத்தாம் நம்பர் ஷூ

கிட்ட வாங்கடா. அந்த ஜன்னலைச் சாத்து... தாழ்ப்பாள் வேண்டாம், சும்மா சாத்தினா போதும்.

ராத்திரி பதினொன்றரை இருக்கும். மழை அப்பத்தான் விட்டிருக்கு. மெயின் ரோட்டுல இருந்து பிரிஞ்சு போற ஒத்தை ரோடு. ஒரு பக்கம் மூடிப்போன மரக்கடை, இன்னொரு பக்கம் பூட்டிக் கிடக்கற வீடுங்க. கம்பம் இருக்கு, ஆனா பாதி லைட்டு எரியாது. அந்த ரோட்டுல ஒருத்தன் பைக்ல தனியா போறான்...

என் கூடப் படிச்சவன்தான். பூட்டுக் கடையில வேலை பாக்கறதால நாங்க அவனை பூட்டுன்னுதான் கூப்பிடுவோம். ரோட்டோட கடைசி வீடு அவனோட பெரியம்மா வீடு. தனியா இருக்காங்க. அவங்கதான் போன் பண்ணியிருக்காங்க. அழல, கத்தல. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க.

"வாடா. வந்து, வாசல்ல அந்த ஷூ இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லு."

வச்சுட்டாங்க.

ஷூ கதையை முதல்ல சொல்லிடறேன், இல்லன்னா புரியாது.

பெரியம்மா ரிட்டயர் ஆன நர்ஸ். காலம் பூரா ஆம்பளைங்க வார்டுல நைட் டியூட்டி. இருட்டுல யாராவது இருமினா போதும், எந்தக் கட்டில்னு சொல்லிருவாங்க. பயம்னா என்னன்னு கேக்கற ஆளு. ஆனா ரெண்டு தெரு தள்ளி ஒரு அம்மா, அவங்களும் தனி ஆளுதான்... யாரோ தண்ணி கேட்டு வந்து, கதவைத் தள்ளி, அடிச்சுப் போட்டுட்டுப் போயிட்டான். இடுப்பு உடைஞ்சு போச்சு. ஆள் சிக்கல.

அன்னைக்கே பெரியம்மாவோட பையன் வந்துட்டார். அதான், பூட்டோட அண்ணன். வீட்டைப் பூட்டு, என் ஃபிளாட்டுக்கு வா, அவ்ளோதான். அந்த ஃபிளாட்ல பெரியம்மாவுக்குன்னு ஒதுக்கின ரூம் எது தெரியுமா? இஸ்திரி போடற ரூம். ஒரு கட்டில், ஒரு பலகை, துணி மூட்டை. அவங்க மாட்டேன்னுட்டாங்க. சண்டை. கடைசில அண்ணன் ஒரு மாசம் டைம் குடுத்தார். அதுக்குள்ள ஏதாவது ஒரு சின்ன பயம்னு காதுல விழுந்தாக்கூட, அடுத்த நிமிஷம் மூட்டை கட்டணும்.

அப்புறம் வந்தாங்க பாருங்க, யோசனை சொல்றவங்க. மருமக மிளகாய் ஸ்ப்ரே வாங்கிக் குடுத்தாங்க. எப்படி அடிக்கறதுன்னு காட்டறேன்னு காத்துக்கு எதிர்ல நின்னு அடிச்சு, அவங்களே அரை நாள் கண்ணைத் தொறக்கல. ஒரு மாமா உருட்டுக்கட்டை கொண்டு வந்தார். அதைத் தூக்கவே இன்னொரு ஆள் வேணும். விசில்? அக்கம்பக்கத்துல யார் இருக்கா கேக்க? நாய் வளக்கலாம்னு ஒருத்தர் சொன்னதுக்கு, "அதுக்கு யாரு காவல் இருக்கறது?"ன்னு கேட்டாங்களாம் பெரியம்மா.

நம்ம பூட்டு ஒழுங்கா வேலை பாத்தான். கதவுல எட்டிப் பாக்க ஓட்டை, வெளியில கனமான பூட்டு, உள்பக்கம் செயின். செயின் தெரியும்ல? அதை மாட்டிட்டா கதவு நாலு விரல் அளவுக்குத்தான் தொறக்கும். உள்ள நிக்கற ஆள்தான் அதை மாட்ட முடியும், உள்ள நிக்கற ஆள்தான் கழட்ட முடியும். இதை ஞாபகம் வச்சுக்கங்க.

எல்லாம் மாட்டிட்டு அவன் ஒரு யோசனை சொன்னான். பூட்டெல்லாம் அப்புறம்தான் பெரியம்மா... எவனா இருந்தாலும் முதல்ல பாக்கறது, வீட்ல ஆம்பளை இருக்கானான்னு. அதனால இருக்கற மாதிரி காட்டிருவோம்.

அவன் கடைக்குப் பக்கத்துலயே செருப்புத் தைக்கறவர் இருக்கார். ரிப்பேருக்குக் குடுத்துட்டு யாரும் திரும்ப வந்து வாங்காத ஒரு ஜோடி ஷூ அவர்கிட்ட கிடந்துது. பிரவுன் கலர், தடிச்ச தோலு, பத்தாம் நம்பர். சும்மாவே தூக்கிக் குடுத்துட்டாராம். தொலைஞ்சா சரின்னு குடுத்த மாதிரி இருந்துச்சுன்னு பூட்டு அப்புறம்தான் சொன்னான்.

பெரியம்மா அதைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "உங்க பெரியப்பாவுக்கு ஆறாம் நம்பர்டா. இதுக்குள்ள அவர் காலை நீட்டிப் படுத்தே தூங்கலாம்."

பெரியப்பா செத்து ரொம்ப வருஷம் ஆச்சு. சின்ன உருவம், நடந்தா சத்தமே வராது. அதையும் ஞாபகம் வச்சுக்கங்க.

ஏற்பாடு இதுதான். சாயந்தரம் ஆனா ஷூவை வாசல்ல வைக்கணும், வேலைக்குப் போன ஆள் திரும்பி வந்த மாதிரி. காலையில எடுத்து உள்ள வச்சுரணும். யாராவது மணி அடிச்சா உடனே தொறக்கக் கூடாது. உள்பக்கம் திரும்பி, "ஏங்க... யாரோ வந்திருக்காங்க பாருங்க"ன்னு சத்தமா கூப்பிடணும். அப்புறம்தான் கதவுகிட்ட போகணும்.

முதல் ரெண்டு நாள் கூச்சமா இருந்துச்சாம். அப்புறம் ருசி கண்டுட்டாங்க. சிலிண்டர்காரன் வந்தா, "எல்லாத்துக்கும் நானே ஓடணுமா? எழுந்துதான் வாங்களேன்"னு பெட்ரூமைப் பாத்துத் திட்டுவாங்க. கூரியர் பையன் குரலைத் தாழ்த்திட்டு, சாருக்கு உடம்பு சரியில்லையாம்மான்னு கேட்டுட்டுப் போனானாம்.

சிரிக்காதடா. இனிமேதான் இருக்கு.

அந்த மழை ராத்திரி... மணி அடிக்கல. கதவைத் தட்டினாங்க. மெதுவா, விரல் மடக்கி. பெரியம்மா செயினோட கதவைத் தொறந்தாங்க. ஒருத்தன் நிக்கறான். நனைஞ்ச சட்டை. ஒரு கை முதுகுக்குப் பின்னால. வண்டி நின்னு போச்சும்மா, கொஞ்சம் தண்ணி குடுங்கன்னான். பேசிட்டே கதவு இடுக்குல காலை வச்சுட்டான்.

அவங்களுக்குப் புரிஞ்சு போச்சு. ஆனா பழகின வாய் இருக்கே... உள்பக்கம் லேசா தலையைத் திருப்பிக் கூப்பிட்டாங்க.

"ஏங்க... யாரோ வந்திருக்காங்க பாருங்க."

பெட்ரூம்ல கட்டில் கிறீச்சுன்னுச்சு.

அப்புறம் ஒரு இருமல். நெஞ்சுல இருந்து வர்ற ஈர இருமல்.

அப்புறம் நடை. டக்... டக்... டக்...

வாசல்ல நின்னவன் பெரியம்மாவைப் பாக்கல. அவங்க தோளுக்கு மேல, பின்னாடி இருந்த எதையோ பாத்தான். வாய் தொறந்தபடியே இருந்துச்சாம். காலை உருவிட்டு ஓடினான்.

பெரியம்மா திரும்பிப் பாக்கல. நடைச் சத்தம் ஹால் வரைக்கும் வந்து நின்னுச்சு. முதுகுக்குப் பின்னாடி மூச்சு விடற சத்தம். பாலிஷ் வாசனை... நனைஞ்ச தோல் வாசனை. கையில இருந்த போனை எடுத்து, கதவைப் பாத்துட்டே பூட்டுக்கு அடிச்சாங்க.

ஏன் ஷூவைப் பத்திக் கேட்டாங்கன்னு இப்பப் புரியுதா? கேட்டது வெறுங்கால் சத்தம் இல்ல. ஷூ சத்தம். ஆனா ஷூவைச் சாயந்தரமே அவங்க கையால வெளியில வச்சுட்டாங்க.

பூட்டு அந்த ஒத்தை ரோட்டுல வரும்போதே எதிர்ல ஒருத்தன் ஓடி வந்தான். பைக் லைட்டு மூஞ்சில அடிச்சும் கண்ணு கூசல அவனுக்கு. காலைப் பாத்தா வெறுங்கால். பேயறைஞ்ச மாதிரின்னு சொல்லுவோம்ல... அப்படின்னா என்னன்னு அன்னைக்குத்தான் பாத்தேன்டான்னான் பூட்டு.

வாசலுக்குப் போயிட்டான். தரையெல்லாம் மழைச் சாரல். ஓரமா ஒரு நெம்புகம்பி கிடக்கு, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கு. வழக்கமா ஷூ வைக்கற இடத்துல... ஷூ இல்ல. ஷூ அளவுக்கு ரெண்டு தடம் மட்டும், நனையாம, காஞ்சு இருக்கு.

பெரியம்மா செயினைக் கழட்டினாங்க. அப்பவும் திரும்பல. ஹால்ல யாரும் இல்ல. சமையல்கட்டு, பாத்ரூம், பின்கதவு... எல்லாம் தாழ்ப்பாள் போட்டது போட்டபடி. பெட்ரூம்ல மெத்தை ஒரு பக்கம் அமுங்கியிருந்துச்சு. கட்டிலுக்குக் கீழ ஷூ. ஒழுங்கா சேத்து வச்சிருக்கு, மூக்கு வெளியில பாத்து.

பூட்டு ஒண்ணைத் தூக்கி உள்ள கையை விட்டுப் பாத்தான்.

சூடா இருந்துச்சு. அப்பத்தான் கழட்டின மாதிரி.

தூக்கி எறிஞ்சுடறேன்னான். அண்ணனுக்குப் போன் போடறேன்னான். பெரியம்மா அவன் கையில இருந்து ஷூவை வாங்கி, இருந்த இடத்துலயே வச்சாங்க. "அந்தக் கம்பியைப் பாத்தியா? இந்நேரம் நான் எப்படிக் கிடந்திருப்பேன்? கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வந்தவங்களை வெளியில போடச் சொல்றியா?" அதோட, "உங்க அண்ணன்கிட்ட வாயைத் தொறந்தே... அப்புறம் நான் உனக்குப் பெரியம்மா இல்ல"ன்னாங்க.

அந்த இருமல், வார்டுல கேட்ட யாரோடதாவது இருக்குமான்னு கேட்டிருக்கான். இல்லன்னு தலையாட்டினாங்க. அத்தனை வருஷத்துல அந்த இருமலைக் கேட்டதே இல்லையாம்.

ஒரு மாசம் முடிஞ்சுது. அண்ணன் வந்தார். கதவைத் தட்டிப் பாத்தார், செயினை இழுத்துப் பாத்தார். அம்மா முகத்துல பயத்தோட சாயலே இல்லன்னு சந்தோஷமா கிளம்பிட்டார். ஷூ ரொம்ப நல்ல ஐடியாடான்னு பூட்டைத் தட்டிக் குடுத்துட்டு வேற போனார். பெரியம்மா ஜெயிச்சுட்டாங்க. அவங்க வீடு, அவங்க இடம். ஆனா அவங்க ஹால்ல சேர்லதான் தூங்கறாங்கன்னு பூட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்புறம் ஒரு நாள் கூப்பிட்டு, செயின் ஸ்க்ரூ ஆடுது, வந்து முடுக்கிக் குடுன்னாங்க. தினம் யாரோ பிடிச்சு இழுக்கற மாதிரி தேஞ்சிருக்காம். இவனும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துட்டுப் போனான். நல்ல வெயில், மத்தியானம். பயப்பட ஒண்ணும் இல்ல. நேரா போய் மணியை அடிச்சுட்டான். அடிச்சப்புறம்தான் பாக்கறான்... வெளியில பூட்டு தொங்குது. பெரியம்மா வீட்ல இல்ல.

உள்ள கட்டில் கிறீச்சுன்னுச்சு.

இருமல்.

டக்... டக்... டக்... கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்னுச்சு. கதவு இடுக்குல பாலிஷ் வாசனை.

பின்னாடி இருந்து அவன் தோள் மேல ஒரு கை விழுந்துச்சு. கத்தியே இருப்பான்... பெரியம்மா. கையில காய்கறிப் பை. இதை முன்னாடியே சொல்லாம விட்டுட்டோமேங்கற மாதிரி, குரலைத் தாழ்த்திச் சொன்னாங்க.

"மணி அடிக்காதடா. அவர் எழுந்து வந்துருவார்."

அவனை ஓரமா நகத்திட்டு, சாவியைப் போட்டு வெளிப்பூட்டைத் தொறந்தாங்க. கதவைத் தள்ளல. புடவைத் தலைப்பைச் சரி பண்ணிட்டு, பையை ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டு, அப்படியே காத்துட்டு நின்னாங்க.

உள்ள... மெதுவா... செயின் கழண்டுச்சு.