அறுநூற்றுப் பதினொரு பிள்ளைகளின் விவரங்களை நான் அழித்தது பற்றி

எனக்கு வயது நாற்பத்தேழு. புகார் கொடுத்துள்ள பள்ளியின் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக எழுத்தராக வேலை பார்க்கிறேன். கணவர் அச்சகத்தில் இருக்கிறார். ஒரே மகள், கல்லூரியில் படிக்கிறாள். என் பெயரையும் வீட்டு முகவரியையும் தனித்தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். இந்தத் தாள் எத்தனை மேசைக்குப் போகும் என்று தெரியாததால் அப்படிச் செய்தேன். என்னை விசாரித்ததில் நான் சொல்வதாவது:

இந்த வருடம் பள்ளி திறந்த இரண்டாவது வாரம், வீட்டுப்பாடத்தையும் சனிக்கிழமை வகுப்பையும் ஆன்லைனில் நடத்துவதற்கென்று ஒரு கம்பெனிக்காரர் செயலி ஒன்றைக் கொண்டுவந்து பள்ளி முதல்வரிடம் காட்டினார். எங்கள் முதல்வருக்கு ஆசிரியர்கள் வைத்திருக்கும் பெயர் ரிப்பன். எந்தப் புதுச் சாமான் வந்தாலும், அது குடிதண்ணீர்க் குழாயாக இருந்தாலும், ரிப்பன் கட்டி வெட்டாமல் விடமாட்டார். அவர் என்னைக் கூப்பிட்டு, சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள அத்தனை விவரத்தையும் கம்பெனிக்கு அனுப்பச் சொன்னார். கணக்கு வீட்டுப்பாடம் கொடுப்பதற்குப் பிள்ளையின் முகவரியும் போட்டோவும் அப்பா அம்மா போன் நம்பரும் எதற்கு என்று கேட்டேன். கம்பெனிக்காரர், "எவ்வளவு குடுக்கறீங்களோ அவ்வளவு நல்லதுங்க மேடம். சிஸ்டம் குழந்தைய நல்லா புரிஞ்சுக்கும்" என்றார். பத்தொன்பது வருடமாகப் பிள்ளைகளைப் பார்த்துவரும் எனக்கே பாதிப் பேரைப் புரிந்தபாடில்லை. அவருடைய சிஸ்டத்துக்கு வீட்டு முகவரி கிடைத்தால் புரிந்துவிடுமாம். அதன் பிறகு என் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்தேன். முதல்வர் அதன் ஓரத்தில் பச்சை மையில் 'அனுப்பவும்' என்று எழுதித் திருப்பினார். அந்தத் தாளின் நகலை இத்துடன் கொடுத்திருக்கிறேன். அதன் பிறகு அனுப்பினேன். அனுப்பியது என் கை. அதை மறைக்கவில்லை.

ஒரு பிள்ளைக்கு மட்டும் பெயரையும் வகுப்பையும் தவிர வேறு எதையும் நான் அனுப்பவில்லை. அவள் ஆறாம் வகுப்பு. அவளுடைய தாய் துணிக்கடையில் வேலை செய்பவர். இரண்டு வருடத்துக்கு முன் சேர்க்கைக்கு வந்தபோது, கதவைச் சாத்தலாமா என்று கேட்டுச் சாத்திவிட்டு, பிள்ளையின் தகப்பன் இருவரையும் நெருங்கக் கூடாது என்ற நீதிமன்ற உத்தரவைக் காட்டினார். "நாங்க இங்க இருக்கறது அவருக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சா அன்னைக்கே கெளம்பணும்" என்றார். அவர் பேசும்போது இடது கையின் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. பதிவேட்டில் அந்த வரியைச் சிவப்பு மையில் எழுதி, யாருக்கும் தரக் கூடாது என்று குறிப்புப் போட்டேன்.

அதன் பிறகு, தொடக்க விழாவுக்கு முதல் நாள், எத்தனை பிள்ளைகளின் விவரம் முழுமையாக இருக்கிறது என்பதைச் செயலி 99.8 சதவீதம் என்று காட்டியது. முதல்வர் என் மேசைக்கு வந்து, "ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் பாக்கியாம். நாளைக்குப் பெரிய திரையில போடப்போறோம். 99.8னு வந்தா அசிங்கமா இருக்காது?" என்று கேட்டார். நீதிமன்ற உத்தரவைச் சொன்னேன். "அது அவங்க குடும்ப விஷயம்மா, நமக்கெதுக்கு" என்றார். என்னால் நிரப்ப முடியாது என்று சொல்லிவிட்டு, அலமாரிச் சாவியை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். சாவியைக் கையோடு கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. அதையும் எழுதிக்கொள்ளலாம். திரும்பி வந்தபோது அந்தப் பெண்ணின் கோப்பு விரித்த வாக்கில் கிடந்தது. முதல்வரே நிரப்பியிருந்தார். பழைய பள்ளியின் படிவத்தைத் தேடி எடுத்து, தகப்பனின் போன் நம்பரைக்கூட விடாமல் சேர்த்திருந்தார். அவர் வந்த ஆறு வருடத்தில் தன் கையால் ஒரு படிவத்தை ஒழுங்காக நிரப்பி நான் பார்த்தது அது ஒன்றுதான். உடனே நீக்கச் சொன்னேன். விழா முடியட்டும் என்றார்.

மறுநாள் திரையில் நூறு என்று வந்தது, கைதட்டினார்கள், ரிப்பனும் வெட்டப்பட்டது. அதே நேரத்தில் செயலி, தன்னிடமிருந்த எல்லா போன் நம்பருக்கும் 'உங்கள் குழந்தையின் கற்றல் பயணத்தில் நீங்களும் இணையுங்கள்' என்று செய்தி அனுப்பியது. அதைத் தொட்டால் பிள்ளையின் போட்டோ, வகுப்பு, பள்ளி விடும் நேரம், வீட்டு முகவரி எல்லாம் வரிசையாக வரும். கடவுச்சொல் கேட்காது. பெற்றோருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று கம்பெனி அப்படி வைத்ததாம்.

அதன் பிறகு மூன்றாம் நாள் வியாழக்கிழமை மாலை மூன்று இருபதுக்கு ஒருவர் வாசலில் வந்து நின்று காவலாளியிடம் போனைக் காட்டினார். காவலாளி என்னிடம் ஓடிவந்து, "அப்பான்னுதான் மேடம் போட்டிருக்கு, போட்டோவும் இருக்கு, உள்ள விடவா?" என்று கேட்டார். பிள்ளையின் பெயரைக் கேட்டதும் நான் வகுப்புக்குப் போய் அவளை அழைத்துவந்து பதிவேட்டு அறையில் வைத்துத் தாழ் போட்டேன். உன் அப்பா வந்திருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். அவள் ஜன்னலுக்குக் கீழே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில் போய் உட்கார்ந்து, காலை மடக்கிக்கொண்டாள். எங்கே உட்கார வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்த நேரத்தில் முதல்வர் தகப்பனைத் தன் அறையில் உட்காரவைத்து டீ கொடுத்திருக்கிறார். செயலியைப் பார்த்துவிட்டு நேரில் வந்த முதல் பெற்றோர் என்பதால் அவருடன் போட்டோ எடுத்து ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். 'அக்கறையுள்ள தந்தை' என்று கீழே எழுதியிருந்தார். அந்தப் போட்டோவையும் கொடுத்திருக்கிறேன். இருவரும் சிரிக்கிறார்கள்.

அதன் பிறகு நான் தாய்க்குப் போன் செய்து, பின்வாசல் வழியாகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு துணிக்கடைக்குப் போனேன். நாங்கள் அங்கே இருக்கும்போதே, வீட்டுக் கதவை யாரோ உடைப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். தாய் போனை வைத்துவிட்டு, அளந்துகொண்டிருந்த துணியை மடித்து அடுக்கில் வைத்தார். அதன் பிறகு கட்டிய சேலையோடும் பிள்ளையின் புத்தகப் பையோடும் கிளம்பிவிட்டார். "உங்களக் குத்தம் சொல்லலக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். சொல்லியிருக்கலாம்.

அதன் பிறகு கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். என் புகாருக்கு எண் கொடுத்தார்கள், எழுபத்திரண்டு மணி நேரம் பொறுக்கச் சொன்னார்கள். கம்பெனிக்காரரைக் கூப்பிட்டேன். "டெலிட் பண்றது எங்க பாலிசியில இல்லீங்க மேடம்" என்றார். விழாவுக்குப் பிறகு முதல்வர் கடவுச்சொல்லை இரண்டு முறை மறந்துபோய், அந்த வியாழக்கிழமைதான் செயலியின் நிர்வாகப் பொறுப்பை என் பெயருக்கு மாற்றியிருந்தார். வெள்ளிக்கிழமை காலை எட்டு பத்துக்கு அலுவலகம் திறந்து, அறுநூற்றுப் பதினொரு பேரின் விவரங்களையும் அழித்தேன். 'உறுதியாகவா?' என்று மூன்று முறை கேட்டது. இத்தனை நாளில் அந்தச் செயலி யோசித்துக் கேட்ட ஒரே கேள்வி அதுதான். மூன்று முறையும் ஆம் என்று அழுத்தினேன்.

அந்த ஒரு பிள்ளையை மட்டும் நீக்கியிருக்கலாமே என்று அதிகாரி கேட்டார். அந்தச் செய்தி போன பிறகு பதறி வந்து கேட்ட தாய்மாருக்காக என் பதிவேட்டில் சிவப்பு வரி இன்னும் நான்கு சேர்ந்திருக்கிறது. வாய்விட்டுச் சொல்லாத தாய்மார் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது.

பள்ளியின் சொத்தை நான் அழித்துவிட்டதாக முதல்வர் புகாரில் சொல்லியிருக்கிறார். அதற்குச் சாட்சி கம்பெனிக்காரர். வேலிக்கு ஓணான் சாட்சி. அதே கம்பெனி, எதுவும் அழியவில்லை, எல்லாம் தங்களிடம் பத்திரமாக நகல் இருக்கிறது என்று பெற்றோருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது. இரண்டில் எது பொய் என்று அவர்களே உட்கார்ந்து பேசி முடிவுசெய்துகொண்டு வந்தால், நான் எந்தக் குற்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்கும் தெரியும்.

தாயும் பிள்ளையும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கடைசியாகக் கேட்கப்பட்டது. எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அதற்குத் தனியாக வழக்குப் போடுவதானால் போட்டுக்கொள்ளலாம்.

இதில் உள்ளது முழுவதும் நான் சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொன்னது. எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். 'தவறுதலாக அழித்தேன்' என்று ஓர் இடத்தில் எழுதியிருந்தது. அதை அடிக்கச் சொல்லி, 'தெரிந்தே அழித்தேன்' என்று மாற்றிய பிறகு கையொப்பமிட்டேன்.

(ஒப்பம்)
பள்ளி எழுத்தர்