காத்திருக்கக் கற்றுக்கொண்டேன்

எங்கள் பயிற்சி நிலையத்தின் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் வேகமாக ஓடும். யாரும் சரிசெய்ததில்லை. அதனால் நான் நிமிட முள்ளை நம்புவதில்லை, விநாடி முள்ளைத்தான் பார்ப்பேன். உங்கள் மேசையில் இருக்கிற என் நோட்டில் வரிசையாக எண்கள் இருக்கின்றனவே, அவையெல்லாம் விநாடிகள் சார். கடைசி எண் மட்டும் ஏன் அவ்வளவு பெரிது என்று கேட்டீர்கள். முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

இருபத்திரண்டு வருடமாகப் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். லாரி ஓட்டுபவர்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள், பிள்ளைகளோடு போய் இருக்க வெளிநாடு கிளம்பும் அம்மாக்கள். யாராவது வார்த்தை வராமல் திணறினால் எனக்குப் பொறுக்காது, நானே எடுத்துக்கொடுத்துவிடுவேன். என்னோடு இருக்கும் அக்கா இதைக் கேள்விப்பட்டு, "நீ பாடம் நடத்துறியா, இல்ல அவங்களுக்குப் பதிலா நீயே பரீட்சை எழுதுறியாடி?" என்று கிண்டல் செய்வாள்.

போன வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து என் வகுப்பைக் கவனித்தார். ஒரு மணி நேரத்தில் நாற்பத்தாறு நிமிடம் ஆசிரியரே பேசுகிறார், கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதே இல்லை, மாணவர் திணறுவதற்குள் ஓடிப்போய்க் காப்பாற்றிவிடுகிறார் என்று அறிக்கை எழுதினார். அதே வாரம் மூத்த ஆசிரியர் பதவியை, எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த சின்ன டீச்சருக்குக் கொடுத்தார்கள். அவளுக்கு வெள்ளைப் பலகையில் நேராக எழுதச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். வயிறு எரிந்ததா என்றால், எரிந்தது. அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் குறை சொன்னால் திருத்திக்கொள்கிற ஆள் நான். மறுநாளே அந்த நோட்டை வாங்கினேன். மாணவர் தடுமாறும்போது எத்தனை விநாடி வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று வகுப்பு முடிந்ததும் எழுதுவேன். மூன்று. ஐந்து. ஒன்பது. கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் பலன் இருந்தது சார். பேசாமல் நின்றால் அவர்களே தேடுகிறார்கள், வார்த்தையும் கிடைத்துவிடுகிறது. ஐம்பத்தொரு வயதில் ஒன்றைப் புதிதாகக் கற்றுக்கொள்வது சின்ன விஷயமில்லை.

என் வகுப்பில் இரண்டு விதிகள். உள்ளே வந்ததும் பையையும் போனையும் இரும்பு பீரோவில் வைத்துவிட வேண்டும், சாவி என்னிடம். இல்லையென்றால் போனில் தட்டிப் பதிலைப் பார்த்துவிடுவார்கள். இரண்டாவது, அறைக்குள் இங்கிலீஷைத் தவிர வேறு பேச்சு கிடையாது.

தையலம்மாவுக்கு இரண்டாவது விதிதான் எட்டிக்காய். எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம், கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. வெளிநாட்டில் அவள் மகள் ஏழு மாதக் கர்ப்பம். விசாவுக்கு இங்கிலீஷ் பரீட்சை தேற வேண்டும், ஆறு வாரம்தான் பாக்கி. வகுப்பையே சிரிக்க வைப்பாள், அதுவும் நம் பாஷையில். நான் பார்த்ததும் கப்சிப் ஆகிவிடுவாள்.

அவளுக்கு மூச்சிழுப்பு இருந்தது. எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது வாரத்திலேயே ஒருமுறை வகுப்பில் வந்தது. மூச்சு முட்டுகிறது, பையைக் கொடுங்கள் என்று நம் பாஷையிலேயே கேட்டாள். நான் ஓடிப்போய் பீரோவைத் திறந்து இன்ஹேலரை எடுத்துக் கையில் கொடுத்தேன். இரண்டு இழுப்பில் சரியாகிவிட்டது. அன்றைய பக்கத்தைப் பாருங்கள், பூஜ்யம் போட்டிருப்பேன்.

மாதக் கடைசியில் மாணவர்களிடம் கருத்துச் சீட்டு வாங்குவோம். பெயர் எழுத வேண்டாம் என்போம், ஆனால் அளவு குறித்துக் குறித்துப் பழகிய அவள் எழுத்து எனக்குத் தெரியாதா? "டீச்சர் நல்லவங்கதான். ஆனா அவங்க முன்னாடி எனக்கு வாயே வரல. சின்ன டீச்சர் சிரிக்கிறாங்க, எனக்கும் பேச்சு வருது" என்று எழுதியிருந்தாள். அவளுக்காக நான் எத்தனை விநாடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன் என்பது அவளுக்குத் தெரியாது. அந்த வாரமே சின்ன டீச்சரின் வகுப்புக்கு மாற்றச் சொல்லிப் படிவம் வாங்கிவிட்டாள். மாற வேண்டுமானால் நான் தனியாக ஒரு தேர்வு வைத்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வரச் சொன்னேன். மற்ற நாட்களில் அறை கிடைக்காது, வேறு காரணமில்லை. லிப்ட் ஓடவில்லை. மூன்று மாடி ஏறி வந்தவள், மார்க்கர் வைக்க எனக்கென்று தைத்த ஒரு துணிப்பையை நீட்டினாள். அதுவும் உங்கள் மேசையில்தான் இருக்கிறது, தையல் நேர்த்தியைப் பாருங்கள். "கோவிச்சுக்காதீங்க டீச்சரம்மா. பொண்ணு பிரசவத்துக்குள்ள நான் போயாகணும். அதுக்குத்தான்" என்றாள். கோபமில்லை என்றேன். அவள் பையை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். கதவைச் சாத்திவிட்டுத் தேர்வைத் தொடங்கினேன்.

முதல் கேள்வி, உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள். மகளைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னாள். மூன்றாவதில் மூச்சு விசிலடித்தது. பீரோவைக் கை காட்டி நம் பாஷையில் கேட்டாள். நான் சுவரில் எழுதி ஒட்டியிருந்த இங்கிலீஷ் விதியைக் காட்டினேன். விநாடி முள் பன்னிரண்டில் இருந்தது, எண்ணத் தொடங்கினேன்.

அவள் எழுந்து போய் பீரோவின் கைப்பிடியை இழுத்தாள். பிறகு அதன் மேலேயே சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கை ஒருமுறை சாவிப் பக்கம் போனது, பழக்கதோஷம். திரும்ப எடுத்துக்கொண்டேன். முன்பெல்லாம் என்னால் அது முடிந்திருக்காது.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்களே சார். தண்ணீர் வேண்டுமானால் குடித்துக்கொள்ளுங்கள்.

இதுவரை நான் சொன்னதைக் கேட்டால், விதியைப் பிடித்துக்கொண்டு புத்தி கெட்டுப்போய் உட்கார்ந்திருந்தேன் என்று தோன்றும். என் வக்கீலும் அப்படிச் சொல்லத்தான் சொல்கிறார். ஆனால் இன்னொன்றையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நூற்று நாற்பதாவது விநாடியில் அவள் இங்கிலீஷில் கேட்டாள். தயவுசெய்து என் பையைக் கொடுங்கள் டீச்சர் என்று, நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒவ்வொரு வார்த்தையாக, என் முகத்தைப் பார்த்து. என் முன்னால் வாய் வராது என்றாளே, வந்தது.

அதற்குப் பிறகும் நான் எண்ணிக்கொண்டேதான் இருந்தேன். அறுநூற்று அறுபது வரை.

பிறகு பீரோவைத் திறந்து, பையை அவள் மடியில் வைத்து, நோட்டில் எண்ணை எழுதினேன். தேர்வுத் தாளில் முழு மதிப்பெண் போட்டேன், தகுதி இல்லாமல் நான் யாருக்கும் போட்டதில்லை. சின்ன டீச்சர் உங்களிடம் என்னைப் பொறாமைக்காரி என்று சொன்னாளாம். அவளுக்குச் சின்ன வயது, புரியாது. எனக்கு என் மாணவி நன்றாக வர வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணமே இருந்ததில்லை.

அந்த மாற்றல் படிவத்தைத் தேடினீர்களாமே, என் கைப்பையில் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. கடைசிவரை அவள் என் வகுப்புதான்.