அனுதாபம் போன பக்கம்

தேர்தல் நேரத்தில் அச்சகத்தில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால், ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் போஸ்டர் கைக்கு வரும். அதனால்தான் அம்மாவுக்கான இரங்கல் போஸ்டரை ஒரு நாள் முன்னதாகவே சொல்லி வைத்தேன், ஐயா. அந்த அச்சகக்காரன் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் உளறியிருக்க வேண்டியதில்லை. அண்ணனுக்குத் தேர்தல் வேலை பார்த்துப் பார்த்து, முன்யோசனை எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது.

அண்ணன் முதலமைச்சர். இந்த முறை மாநிலம் முழுக்க இழுபறி. சாலை, குடிநீர், வேலை என்று எதைப் பேசினாலும் ஜனங்கள் திருப்பிக் கேள்வி கேட்டார்கள். அனுதாபம் ஒன்றுக்குத்தான் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். கட்சி ஆபீசில் எல்லோரும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். வீட்டு மாடியில் அம்மா ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தாள். யாராவது ஒருவர் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா, இல்லையா?

போஸ்டருக்குச் சொன்ன மறுநாள் நர்ஸைச் சாப்பிட்டு வரச் சொன்னேன். பாவம், நல்ல பெண், காலையிலிருந்து வெறும் வயிறு. அம்மா விழித்துத்தான் இருந்தாள்.

"அண்ணன் ஜெயிச்சிடுவானாடா?"

"நீ மனசு வச்சா ஜெயிச்சிடுவாரும்மா."

"படுத்த படுக்கையா கிடக்கிறவ நான் என்னடா பண்ணப் போறேன்?"

சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் "அண்ணனுக்கு விட்டுக்கொடு" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். அதனால் விளக்கிச் சொல்லவில்லை. குழாயைக் கழற்றினேன். என் கையைப் பிடித்தாள், நானும் பிடித்துக்கொண்டேன். பிறகு குழாயைப் பழையபடி மாட்டி, போர்வையைச் சரிசெய்தேன். அழுகை வந்துவிட்டது. என்ன இருந்தாலும் பெற்றவள்.

நான் நினைத்தபடியே அனுதாபம் அள்ளிக்கொண்டு வந்தது. கெடுத்தது அண்ணன்தான். வேனில் ஏறி ஊர் ஊராகக் கண்கலங்க வேண்டிய மனிதர், அம்மாவின் அறையிலேயே உட்கார்ந்து நிஜமாக அழுதார். மைக்கை நீட்டினால், "என்னை விட்டுடுங்கப்பா" என்றார். எதிர்க்கட்சித் தலைவியை எல்லோரும் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். டீச்சர் தன் கூட்டங்களை ரத்து செய்துவிட்டு வந்து, அண்ணனோடு தரையில் உட்கார்ந்து அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். அது எல்லா டிவியிலும் ஓடியது. "எவ்வளவு பெரிய மனசு!" என்று ஜனங்கள் உருகி, டீச்சருக்கு ஓட்டுக் குத்திவிட்டுப் போனார்கள். ஒரே ஒரு இடம் வித்தியாசத்தில் ஆட்சி கைவிட்டுப் போனது. கஷ்டப்பட்டவன் நான், நாற்காலி டீச்சருக்கு.

குழாயைக் கழற்றியது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தோல்வியையும் என் தலையில் கட்டாதீர்கள். இத்தனை செய்தும் அண்ணன் ஒரு எட்டு வந்து என்னைப் பார்க்கவில்லை. அம்மா இருந்திருந்தால் அவரைக் கூப்பிட்டு நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பாள். எனக்கென்று பேச அவளை விட்டால் யார் இருக்கிறார்கள், ஐயா?