இரண்டாவது புள்ளி

படகு வாங்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்த்து மயங்கக் கூடாது. என் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் நான் முதலில் சொன்னது அதுதான். முப்பத்தெட்டு வருடம் படகுப் பட்டறை நடத்தியவன் நான். சுத்தியலால் படகின் உடம்பெங்கும் தட்டிப் பார்த்தாலே எது தேறும், எது தேறாது என்று சொல்லிவிடுவேன்.

வீட்டைக் காலி செய்துவிட்டுப் படகிலேயே குடியிருப்பது, கடல் கடலாகச் சுற்றுவது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். பதினொரு படகு பார்த்தோம். பத்தை வேண்டாம் என்றேன். அவற்றில் நான்கு நல்ல படகுகள். பதினொன்றாவதில் மருந்துக்குக்கூட ஒரு குறை அகப்படவில்லை. மாப்பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, இதுலயும் ஏதாவது நொட்டை இருக்கா?"

"இல்ல மாப்பிள்ளை. இது நல்ல படகு."

வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளையை எனக்குப் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குடி கிடையாது, கோபம் கிடையாது. என் மகளைக் 'கேப்டன்' என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அவள் அம்மா போன பிறகு எனக்கு அவள் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் வந்து முகத்தைக் காட்டினாலே போதும் என்று இருந்தவன் நான். "எத்தனை வருஷம்மா?" என்று கேட்டேன். "தெரியலப்பா. திரும்பணும்னு தோணுறப்ப திரும்புவோம்" என்று சிரித்தாள்.

ஏழு மாதம் என் பட்டறையில் வைத்தே படகைச் சீர் செய்தோம். படுக்கைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி, கூரையில் சோலார் தகடு, படகு சாய்ந்தாலும் பாத்திரம் கவிழாத அடுப்பு. பழைய குழாய்களை எல்லாம் பிடுங்கிப் போட்டுப் புதிது மாட்டினோம். என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் திருகை முடுக்கினால் இன்னொருவர் சோதித்து, திருகும் பக்கத்து உலோகமும் சேரும் இடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி வைக்க வேண்டும். பிறகு யாராவது திருகைத் தொட்டால் புள்ளி பிளந்து காட்டிக்கொடுத்துவிடும். மாப்பிள்ளை முடுக்கினார். மகள் சோதித்து, தன் நகப்பூச்சாலேயே புள்ளி வைத்தாள். புள்ளி இருந்தால் மறுபடி பார்க்க வேண்டாம் என்று சின்ன வயதில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

எஞ்சினைக் குளிர வைக்கக் கடல்நீரை உள்ளே இழுக்கும் குழாய் ஒன்று படகின் அடியில் இருக்கிறது. திருகு வைத்த இரண்டு கிளிப்புகள் அதைப் பிடித்திருக்கும். அவர்கள் மெத்தை வாங்கக் கடைக்குப் போயிருந்த ஒரு மதியம், நான் அவற்றைத் தளர்த்தினேன். கழற்றவில்லை, தளர்த்தினேன். பிளந்த புள்ளிகளின் மேல் அவள் நகப்பூச்சை எடுத்துப் புதுப் புள்ளி வைத்தேன். துறைமுகத்திலேயே கொஞ்சம் தண்ணீர் ஏறும், மகள் பயந்து மனம் மாறுவாள் என்று நினைத்தேன்.

அப்படியானால் தண்ணீர் ஏறினால் கத்தும் மணியின் ஒயரை ஏன் பிடுங்கினாய் என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நிற்கிற படகில் குழாய் கழலாது என்பதும் எனக்குத் தெரியும். எஞ்சின் ஒரு மணி நேரமாவது அதிர வேண்டும்.

வெள்ளோட்டத்தன்று காலை எனக்கு நெஞ்சு வலித்தது. வலித்தது என்று சொன்னேன்.

"நீ அப்பாவப் பாரு கேப்டன். நான் ஒரு சுத்து போயிட்டு மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடறேன்" என்று மாப்பிள்ளை தனியாகக் கிளம்பினார். ஆபத்துக்கு ஏறிக்கொள்ளும் ரப்பர் மிதவையைக் கேட்டார்.

"சர்வீஸ் இன்னும் முடியல மாப்பிள்ளை. கிட்டத்தானே போறீங்க."

அது முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. மிதவை நான் படுத்திருந்த கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது.

மாலை மூன்று மணி வரை மகள் அவருக்காகச் சாப்பிடாமல் காத்திருந்தாள். எனக்குப் பசித்தது, சாப்பிட்டுவிட்டேன். மூன்றாம் நாள் மீனவர்கள் அவரைக் கண்டெடுத்தார்கள். மிதக்கும் சட்டை போட்டிருந்தார். இரவுக் கடலின் குளிரில் அது எத்தனை நேரத்துக்கு?

மூழ்கிய படகை மேலே தூக்கியபோது, சோதித்தவரின் கவனக்குறைவு என்று விசாரித்தவர்கள் முதலில் எழுதினார்கள். "நான்தான்ப்பா புள்ளி வெச்சேன். நான்தான் சரியாப் பார்க்கல" என்று மகள் தினமும் சொல்கிறாள். "விடும்மா, யானைக்கும் அடி சறுக்கும்" என்று நானும் தினமும் தேற்றுகிறேன். இப்போது அவள் எங்கும் போவதில்லை. வேளாவேளைக்கு எனக்கு நெஞ்சுவலி மாத்திரை எடுத்துத் தருகிறாள்.

புள்ளிக்குக் கீழே இன்னொரு புள்ளி இருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். கெட்டிக்காரர்தான். ஆமாம், மாப்பிள்ளை திரும்பி வரக் கூடாது என்றுதான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் மகளிடம் வேறு ஏதாவது குற்றம் என்று சொல்லுங்கள். புள்ளி அவள் தப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும். பாவம், உண்மை தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சிறைக்கு வந்து என்னைப் பார்க்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?