உப்புநீர் ஊற்றிய கை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் உப்பளத் தொழிலாளர் சங்கத் தலைவர், முப்பது கோடை வெயிலை முதுகில் வாங்கிய ஐயா சிவப்பிரகாசம் அவர்களே! முன்வரிசையில் முழங்காலைப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! கூனிமேட்டிலிருந்து மீன்கூடையை இறக்கிவைத்த கையோடு வந்திருக்கும் சகோதரர்களே! காலில் காய்ந்த உப்பைக் கழுவ நேரமில்லாமல் வந்து பாயில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! அந்தப் பாயில் உட்காராமல், பந்தல்காலோரம் தனியாக நிற்கும் அக்கா சின்னப்பாப்பா அவர்களே! கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் கிளியனூர்க்காரி சத்யப்ரியா, உங்கள் அனைவர் முன்னும் கைகூப்பி நிற்கிறேன்.

தலைவர் பொன்னாடையை எடுக்கிறார். பொறுங்கள் ஐயா. நான் பேசி முடித்த பிறகும் மனம் வந்தால் போர்த்துங்கள்.

எதற்கு இந்தப் பாராட்டு? பனைமட்டை நாரையும் கடற்பாசிப் பசையையும் சேர்த்து, உப்பை மூடும், மண்ணில் மக்கிப்போகும் தாளை இவள் செய்தாள் என்பதற்கு. அந்தத் தாள் எங்கே பிறந்தது? என் ஆய்வுக்கூடத்திலா? இல்லை! சின்னப்பாப்பா அக்காவின் உப்புக் குவியலடியில் பிறந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை. அக்கா குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். வெயிலில் இற்றுப்போன தார்ப்பாயின் நீலநிற இழைகள்! மழைக்கு மூடும் பாய், காற்றில் கிழிந்து உப்போடு கலக்கிறது. "இது யார் ஊட்டு சோத்துலயோ போய் விழுவுது டீச்சர். மக்கிப்போற மாதிரி ஒண்ணு செய்ய முடியாதா?" என்றார். முகம் தெரியாதவர் சோற்றுக்காகக் கவலைப்பட்ட அந்த மனத்தை என்னவென்று சொல்வேன்! முடியும் அக்கா என்றேன்.

செய்தேன். ஊறப்போட்டுப் பார்த்தேன், உலர்த்திப் பார்த்தேன், ஒரு வாரம் குழாய்த் தண்ணீரில் மூழ்கடித்துப் பார்த்தேன். கிழியவில்லை, கரையவில்லை, என் கர்வமும் குறையவில்லை. கைதட்டாதீர்கள். தயவுசெய்து இந்த இடத்தில் கைதட்டாதீர்கள்.

போன ஐப்பசியில் முதல் தாளை அக்காவின் குவியலுக்குத்தான் கொடுத்தேன். பனையோலை போட்டு மூடிய காலத்திலிருந்து உங்கள் வழக்கம் என்ன? காற்றில் எழும்பாமல் இருக்க, மூடியதும் மேலே இரண்டு குடம் உப்புநீர் தெளிப்பீர்கள். அக்காவும் தெளித்தார். அன்றே மழை. ஒரே இரவில் தாள் கூழானது. கூழான தாளோடு குவியலும் கரைந்து வாய்க்காலில் ஓடியது. தையிலிருந்து புரட்டாசி வரை அவரும் கணவர் பஞ்சநாதனும் வாரிச் சேர்த்த வெள்ளை உப்பு! மறுநாள் நான் போனபோது, குவியல் இருந்த இடத்தில் அக்கா வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். அழவில்லை. "நான் எதாச்சும் தப்பா செஞ்சிட்டேனா டீச்சர்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் தாள் திட்டத்தின் சேத அறிக்கையில் பதில் எழுதினேன். இதோ இந்த அறிக்கைதான். "தொழிலாளி அறிவுரைக்கு மாறாக உப்புநீர் ஊற்றியதே சேதத்துக்குக் காரணம்."

எந்த அறிவுரை? யார் சொன்னது? எப்போது சொன்னது? ஊற்றாதே என்று நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உப்பளத்துக்குத் தாள் செய்தவள், அதை உப்பில் வைத்துப் பார்த்ததே இல்லை!

கார்த்திகையில் சந்தேகம் வந்து பத்துத் தாள்களை உப்பின்மேல் விரித்தேன். ஒரு சொட்டு உப்புநீரும் ஊற்றவில்லை. முதல் தூறலிலேயே பத்தும் கூழ்! கடற்பாசிப் பசையைக் கட்டிப் பிடித்திருப்பது கால்சியம். உப்பிலுள்ள சோடியம் புகுந்தால் அந்தப் பிடி விட்டுப்போகும். அக்கா ஊற்றியிருந்தாலும் கரைந்திருக்கும், ஊற்றாவிட்டாலும் கரைந்திருக்கும். இது தெரிந்து ஒன்பது மாதம் ஆகிறது. திட்டம் நின்றுவிடுமோ என்று பயந்து ஒன்பது மாதமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

என்ன தம்பி? "உடுங்க மேடம், பழைய கதை" என்கிறீர்களா? யாருக்குப் பழைய கதை? அந்த ஒரு வரியைக் காட்டித்தானே உப்பள உரிமையாளர் அக்காவிடமிருந்து உப்புப் பாத்தியைப் பிடுங்கினார்? அந்த ஒரு வரியைச் சொல்லித்தானே இந்த ஊர் அவரைத் "தாளக் கரைச்சவ" என்றது? பஞ்சநாதன் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போனார். அக்கா ஐஸ் தண்ணீரில் விரல் விறைக்க இறால் உரிக்கிறார். இன்று கூட்டத்துக்கு வந்தவருக்குப் பாயில் ஒரு கையகல இடம் கொடுக்க ஆளில்லை. மண்ணில் மக்கும் தாளைச் செய்ய வந்தவள், மனிதர் மனத்தில் மக்காத ஒரு வரியை எழுதிவிட்டேன். எனக்கா பொன்னாடை?

அக்கா, மேடைக்கு வாருங்கள். உங்கள் காலில் விழ வேண்டும்.

வரவில்லையா? சொல்லுங்கள், நானே ஒலிபெருக்கியில் திருப்பிச் சொல்கிறேன். "நான் மேல வர்ல டீச்சர். கால்ல உழுந்தா எனக்கு என்னா ஆவும்? எல்லாரும் பாக்க அந்த வரிய அடிங்க. அடிச்சிட்டு, யார் செஞ்ச தப்புன்னு பேரு போட்டுப் படிங்க."

கேட்டீர்களா? எத்தனை நேரான வார்த்தை! இதோ பேனா, இதோ அந்த வரி. அடித்துவிட்டேன். எழுதியதைப் படிக்கிறேன்: "சேதத்துக்குக் காரணம், தாளை உப்பில் சோதிக்காத சத்யப்ரியா. உண்மை தெரிந்தும் மறைத்தவளும் அவளே. சின்னப்பாப்பா மீது எந்தத் தவறும் இல்லை."

நாளைக் காலை இதை உரிமையாளர் வீட்டில் நானே கொடுப்பேன். பாத்தி திரும்பக் கிடைக்குமா, தெரியாது. போன பருவத்து உப்பு திரும்ப வராது. அது நன்றாகத் தெரியும். இப்போது நான் செய்துபார்க்கும் புதிய தாளும் இன்னும் தேறவில்லை. இந்த மழைக்கு யாரும் அதை நம்பாதீர்கள், பனையோலையே போடுங்கள். தேறும் நாள் வந்தால் முதலில் என் வீட்டு உப்பின்மேல் விரிக்கிறேன்.

ஐயா, அந்தப் பொன்னாடையை மடித்து உள்ளே வையுங்கள்.

அதோ, பாயில் இரண்டு பேர் நகர்ந்து உட்காருகிறார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம். அக்கா இன்னும் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார். உட்காருவதும் உட்காராததும் அவர் விருப்பம். பேச உரிமையில்லாதவளுக்குக் காதுகொடுத்த அவைக்கு நன்றி. இத்தனை மாதம் கழித்தாவது நகர்ந்து இடம்விட்ட என் தாய்மார்களுக்கு நன்றி. வணக்கம்.