தண்டு வலித்த பாண்டியம்மாள் அக்கா

பெருமதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் துயரத்தோடு அமர்ந்திருக்கும் பாண்டியம்மாள் அக்காவின் தம்பி வெள்ளைத்துரை அண்ணன் அவர்களே, பெற்றோர்களே, என் தோழியரே! அனைவருக்கும் வணக்கம்.

நான் பதினோராம் வகுப்பு மாணவி செல்லத்தாய். இந்த இரங்கல் கூட்டத்தில் மாணவியர் சார்பில் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசுவதையும் இங்கே நடப்பதையும் பள்ளி மலருக்கு எழுதித் தரவும் சொன்னார்கள். ஆகவே முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடந்தது நடந்தபடியே வரும். புகழ்வதற்காக ஒரு சொல்லைக் கூட்டமாட்டேன். பயந்துகொண்டு ஒரு சொல்லைக் குறைக்கவும் மாட்டேன்.

நம் பள்ளி அலுவலகத்தின் தட்டச்சர் பாண்டியம்மாள் அக்கா சென்ற வாரம் நம்மைவிட்டுப் போய்விட்டார். எப்படிப் போனார்? பசுமலைப் பேருந்து நிறுத்தத்தில் இதற்கு ஒரு பதில் கிடைக்கிறது. திருப்பரங்குன்றம் கடைத்தெருவிலும் அதே பதில்தான். “வலிப்பு மிஷின்ல உக்காந்து வலிப்பு வந்து செத்துப்போச்சாம்!” அதைக் கேட்ட பெற்றோர் பலர் எங்களை அந்த மிஷின் இருக்கும் அறைப் பக்கமே போகக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அறை பூட்டிக் கிடக்கிறது. மிஷினை விற்றுவிட நிர்வாகம் யோசிப்பதாகவும் கேள்விப்படுகிறோம். அக்காவின் உயிரை நாம் யாரும் திருப்பிக் கொண்டுவர முடியாது. அவருடைய பெயரையாவது பழியிலிருந்து மீட்க வேண்டாமா?

பெரியோர்களே! அந்த மிஷின் சென்ற ஆண்டு நம் பள்ளிக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து நம் பள்ளியைப் பார்த்துவிட்டுப் போன ஒரு குடும்பம் அன்பளிப்பாக அனுப்பியிருந்தது. பெட்டியைத் திறந்தபோது அது என்னவென்று யாருக்கும் விளங்கவில்லை. நீளமாக ஒரு கம்பி, அதன்மேல் முன்னும் பின்னும் உருளும் ஓர் இருக்கை, முன்னால் விசிறி இதழ்கள் பொருத்திய சைக்கிள் சக்கரம், அதிலிருந்து வரும் சங்கிலியின் முனையில் ஒரு கைப்பிடி. தறி என்றார் ஒருவர். நார் உரிக்கும் மிஷின் என்றார் இன்னொருவர். கூடவே வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதியோடு உட்கார்ந்து படித்தவர் பாண்டியம்மாள் அக்கா ஒருவர்தான். படித்துவிட்டு அவர் சொன்னார்: “இது படகுடீ! தண்ணியில்லாமப் போற படகு!”

அக்காவுக்கு அப்போது வயது முப்பத்தைந்து. பன்னிரண்டு ஆண்டுகள் தட்டச்சுப் பொறியின் முன்னால் உட்கார்ந்தே இருந்தவர். மாடியில் எங்கள் வகுப்புக்கு ஒரு கோப்போடு வந்தால் வாசலில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் பேசுவார். இரத்த அழுத்தம் இருக்கிறது, உடம்புக்கு வேலை கொடுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பெரிய பெண் ஒருத்தி எங்கே போய் ஓடுவாள்? சாலையில் ஓடினால் ஊர் சும்மா இருக்குமா? அப்படிப்பட்டவருக்கு நான்கு சுவர்களுக்குள் ஒரு படகு கிடைத்தது!

அலுவலகம் முடிந்த மாலையில் அவர் முதல் முறையாக அதில் உட்கார்ந்தபோது நாங்கள் சன்னலில் தொங்கிக்கொண்டிருந்தோம். சக்கரம் சுற்றிய வேகத்தில் கிளம்பிய காற்றில் மேசையில் இருந்த தாள்களெல்லாம் பறந்தன. சேலை முந்தானை இருக்கையின் உருளையில் சிக்கிக் கிழிந்தது. வாட்ச்மேன் கண்ணுச்சாமி அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

“என்ன தங்கச்சி, வைகையில தண்ணியில்லைன்னு ஆபீசுக்குள்ளயே படகு விடுறீகளா?”

“ஆமாண்ணே. ஏறிக்கங்க, ராமேஸ்வரத்துல எறக்கி விடுறேன்.”

“எனக்கு வேணாம்ப்பா. கிழிஞ்ச சேலைக்கு வீட்டுல என்ன சொல்லப் போறீக?”

“கடல்ல மீன் கடிச்சிருச்சுன்னு சொல்றேன்!”

அடுத்த வாரம் என் தோழி லத்தீபாவின் அம்மா மைதீன் பீவி அவர்கள் அக்காவுக்குத் தொளதொளவென்று ஒரு பைஜாமா தைத்துக் கொடுத்தார். எங்களுக்கும் அதே மாதிரி வந்தது. மிஷின், பழைய கேரம் அறைக்குப் போனது. அக்கா எங்களுக்கு ஆசிரியை அல்லர். எங்களோடு வரிசையில் நின்று, தம் முறை வந்தபோது ஏறி, எங்களைப் போலவே வியர்த்து இறங்கியவர்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். எல்லாத் துயரத்துக்கும் காரணமான சொல் அது. படகைச் செலுத்துவதற்குத் தமிழில் என்ன என்று அக்கா தமிழ் ஐயாவைக் கேட்டார். “தண்டு வலித்தல் என்பது அழகான சொல். தண்டு என்றால் துடுப்பு. வலித்தல் என்றால் இழுத்தல்” என்றார் ஐயா. எங்களுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ஆனால் சிறுமியர் வாயில் எந்தச் சொல்தான் முழுதாக நிற்கும்? முதலில் தண்டு போனது. ‘வலிக்கப் போறேன்’ என்றோம். பிறகு அதுவும் சுருங்கி ‘வலிப்பு’ என்றானது. “ஏய், இன்னைக்கு எனக்கு வலிப்பு, நீ முன்னாடி போ!” என்று பள்ளிச் சுவருக்கு மேலே எட்டிப்பார்த்து, வெளியே காத்திருக்கும் தோழியிடம் கத்துவோம். வெளியே பேருந்துக்கு நிற்பவர்கள் திடுக்கிட்டுத் திரும்புவார்கள். நாங்கள் சிரிப்போம். அப்போது அது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

அவையோரே! அக்கா எப்படி முன்னேறினார் என்பதையும் நீங்கள் கேட்க வேண்டும். ஏனென்றால், கண்மூடித்தனமாக உடம்பை வருத்திக்கொண்டார் என்று பேசுகிறார்கள். அது உண்மையா?

இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டர் என்பது அந்தப் புத்தகம் சொன்ன பந்தயத் தூரம். மிஷினில் இருந்த தூரமானியில் அதைக் கடக்க முதல் தடவை அக்காவுக்குப் பதினாறு நிமிடங்களுக்கு மேல் ஆனது. இறங்கியதும் தரையில் படுத்துவிட்டார். நாங்கள் எல்லோரும் கிணற்றில் நீர் இறைப்பதுபோலக் கையாலேயே இழுத்தோம். தோள் வலித்தது, மணிக்கட்டு வீங்கியது, நேரம் குறையவில்லை. ‘காலை உதைத்துப் பின்னே போ, பிறகு முதுகைச் சாய், கை கடைசியில் வரட்டும்’ என்று புத்தகத்தில் இருந்தது. படித்தோம்; நம்பவில்லை. லத்தீபாவின் மணிக்கட்டு வீங்கிய பிறகுதான் அக்கா நம்பினார். ஒரு வாரம் முழுவதும் கையை நீட்டியபடியே வைத்துக்கொண்டு, காலால் மட்டும் உதைத்து உதைத்துப் பழகினார். நாங்களும் பழகினோம். கால், முதுகு, கை. திரும்பி வரும்போது கை, முதுகு, கால். போகும்போது வேகம், வரும்போது நிதானம். அந்த ஒரு மாற்றத்திலேயே நேரம் மளமளவென்று இறங்கியது!

பிறகு ஒருநாள் அவர் சொன்னதை என்னால் மறக்க முடியாது. நான் எடுத்த எடுப்பிலேயே வேகமாக இழுத்து, பாதியில் துவண்டு நின்றுவிட்டேன். அக்கா சிரித்தார்.

“டைப்பு பரீட்சையில முத வரியில பறப்பாளுக. அம்புட்டுப் பேரும் நாலாவது வரியில எழுத்து மாத்தி அடிச்சிட்டு நிப்பாளுக. தட்டுற சத்தம் கடைசி வரைக்கும் ஒண்ணுபோலக் கேக்கணும், செல்லத்தாயி. இதுலயும் அதேதான்டீ.”

அதன்பிறகு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் முழுவேகம். மற்ற நாள்களில் மெதுவாக, நெடுநேரம். பேசிக்கொண்டே வலிக்க முடியாவிட்டால் அது மெதுவே அன்று என்பது அக்காவின் கணக்கு. ஆகவே நாங்கள் மனப்பாடச் செய்யுளை ஒப்பித்துக்கொண்டே வலித்தோம். அக்கா தம் வீட்டுக் கதைகளைச் சொல்லிக்கொண்டே வலிப்பார். ஆறு மாதத்தில் மருத்துவர் அவருக்கு மாத்திரையைக் குறைத்தார். ஒருநாள் மாடிக்கு இரண்டு கோப்புகளோடு வந்து, வாசலில் நிற்காமல் உள்ளே நுழைந்து, நேராகப் பேசத் தொடங்கினார். வகுப்பு மொத்தமும் கைதட்டியது. தலைமையாசிரியை அம்மா அவர்களே, அன்றைய சத்தத்துக்கு நீங்கள் எங்களைக் கண்டித்தீர்கள். காரணம் இதுதான் அம்மா!

பன்னிரண்டு நிமிடத்துக்குள் வர வேண்டும். இதுவே அக்காவின் ஆசை. வந்தாரா? வந்துவிட்டார் என்று சொல்லிவிடு, யாருக்குத் தெரியும் என்று தோழிகள் சிலர் நேற்று என்னிடம் சொன்னார்கள். இல்லை. அவர் வரவில்லை. பன்னிரண்டு நிமிடம் ஐந்து நொடி. அதுதான் அக்காவின் மிகச் சிறந்த நேரம். அந்த ஐந்து நொடியை நான் அவருக்குத் தானமாகக் கொடுத்தால் அவர் வாங்கிக்கொள்வாரா? ஓர் எழுத்துத் தவறினாலும் தாளை உருவிப் புதுத் தாள் போடுகிறவர் ஆயிற்றே!

இன்னொன்றையும் சொல்லாமல் விடச் சொன்னார்கள். அதையும் சொல்கிறேன். காய்ச்சல் வருவதற்கு முந்திய நாள் மாலையில் அக்கா வலித்தார். தலை பாரமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேதான் ஏறினார். சிறிது நேரத்தில் நிறுத்திவிட்டு, “இன்னைக்கு முடியலைடீ, நீங்க வலிங்க, நான் வாரேன்” என்று எழுந்து போனார். எங்களிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான். மறுநாள் கடும் காய்ச்சல். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். அங்கே அவருக்கு வலிப்பு கண்டது. நினைவு திரும்பவேயில்லை.

தகவலோடு வந்த கண்ணுச்சாமி அண்ணனைப் பேருந்து நிறுத்தத்தில் கேட்டிருக்கிறார்கள், டைப்பு அம்மாவுக்கு என்ன என்று. “வலிப்பு வந்துருச்சு” என்று அவர் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் பொய் உண்டா? இல்லை. கேட்டவர்கள் மேல் குற்றம் உண்டா? அதுவும் இல்லை. ஓர் ஆண்டாக எங்கள் வாயிலிருந்து அவர்கள் கேட்ட சொல் அதுதானே! மிஷினுக்கும் நோய்க்கும் ஒரே பெயர். ஊர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது.

வெள்ளைத்துரை அண்ணனுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. மருத்துவரிடம் அவரே கேட்டிருக்கிறார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

“சார், அக்கா முந்தின நாளு மிஷின்ல வலிச்சுச்சு. அதுனாலயா சார்?”

“எங்க வலிச்சுச்சு? தலையிலயா, நெஞ்சுலயா?”

“அந்த வலி இல்ல சார், படகு வலிக்கிறது!”

மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: “தம்பி, இந்தக் காய்ச்சல் கிருமியால வர்றது. அது உடம்புக்குள்ள போயி பல நாளாயிருக்கும். முந்தின நாளு உங்க அக்கா பஸ்ஸுலயுந்தான் போயிருப்பாங்க. அதுக்காக பஸ்ஸை நிறுத்திருவீங்களா? தலைவலியோட ஏறாம இருந்திருக்கலாம். ஏறாட்டியும் காய்ச்சல் வந்துதான் இருக்கும்.”

கேட்டீர்களா பெரியோர்களே? ஒரு சொல்லால் வந்த பழி இது. மாடிப்படியில் மூச்சு வாங்கிய ஒரு பெண்ணை நிமிர்ந்து நடக்க வைத்த மிஷினை, அவரைக் கொன்ற மிஷின் என்று விற்கப் போகிறோமா? அறையைப் பூட்டுவது அக்காவுக்கு நாம் செலுத்தும் அஞ்சலியா?

தாளாளர் ஐயா அவர்களே! தங்கள் முன்னிலையில் நாங்கள் உறுதி கூறுகிறோம். காய்ச்சலோ தலைவலியோ இருக்கும் நாளில் எங்களில் ஒருத்தியும் அதில் ஏறமாட்டாள். இனிமேல் எங்கள் வாயில் ‘வலிப்பு’ வராது. தண்டு வலித்தல் என்று முழுதாகச் சொல்வோம். அக்கா விட்டுப்போன அந்த ஐந்து நொடியை எங்களில் ஒருத்தி, அவர் காட்டிய நிதானத்தோடு, என்றாவது ஒருநாள் கடப்பாள். கதவைத் திறந்துவிடுங்கள் ஐயா. வேறு எதையும் நாங்கள் கேட்கவில்லை.

பாண்டியம்மாள் அக்கா! உங்களைப் பற்றி உண்மையை மட்டும் சொன்னேன். உண்மையே உங்களுக்குப் போதுமான புகழாக இருந்தது. வணக்கம்.

*

நான் பேசி முடித்த பிறகு நடந்ததையும் பள்ளி மலருக்காக எழுதுகிறேன்.

மௌன அஞ்சலிக்கு எல்லோரும் எழுந்து நின்றோம். அது முடிந்தும் என் தோழி தங்கப்பொண்ணுவின் அம்மா ராக்கம்மாள் மட்டும் உட்காரவில்லை. மிஷினை எடுத்துவிட வேண்டும் என்று எல்லாருக்கும் முதலில் பள்ளிக்கு வந்து சத்தம் போட்டவர் அவர்தான்.

“தம்பி வெள்ளைத்துரை, இந்தப் புள்ள சொன்னது மெய்தானா? காய்ச்சல்தானா?” என்று கேட்டார்.

“காய்ச்சல்தான் அக்கா” என்றார் அண்ணன்.

ராக்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எம்புட்டுப் பேச்சுப் பேசிட்டேன் அந்தப் புள்ளைய…” என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “ஏண்டி, கூறுகெட்ட கழுதைகளா, பேரு வைக்கிறதுக்கு உலகத்துல உங்களுக்கு வேற பேரே கிடைக்கலையா?” என்றார். யாரும் சிரிக்கவில்லை. தங்கப்பொண்ணு அழுதுவிட்டாள்.

தாளாளர் ஐயா மேடையிலிருந்து இறங்கும்போது, “விற்கிற பேச்சு இப்போது வேண்டாம். பிள்ளைகளை ஒரு டாக்டர் பார்க்கட்டும். பிறகு திறக்கலாம்” என்று தலைமையாசிரியை அம்மாவிடம் சொன்னார். உடனே திறக்கச் சொல்லவில்லை. சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன்.

கூட்டம் கலைந்தது. வெள்ளைத்துரை அண்ணன், அக்கா தண்டு வலித்த அறையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். கண்ணுச்சாமி அண்ணன் சாவியோடு முன்னால் போனார். நாங்கள் வாசலிலேயே நின்றோம். வெள்ளைத்துரை அண்ணன் சக்கரத்தை விரலால் ஒருமுறை மெல்லச் சுற்றிவிட்டார். அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெளியே வந்தார். கண்ணுச்சாமி அண்ணன் அந்த அறை விளக்கை அணைத்தார். பிறகு வராந்தா விளக்கு, பிறகு கூட்டம் நடந்த மன்றத்தின் விளக்குகள்.